த்ரோன்ஃபால்: முதலில் வீடா, டவரா? அத்தைக்கும் மருமகனுக்கும் வழக்கு

மண்டபம்_அத்தை

வணக்கம். த்ரோன்ஃபால் விளையாடுகிறவர்கள் இங்கே இருந்தால் எங்கள் வழக்கை நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

நான் மண்டபத்தில் ஓர் ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையில் நின்றால் ஐஸ் ஓடாது. ஐஸ் ஓடாவிட்டால் எனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அண்ணன் மகன் ஏழாவது முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறான். வெயில் இறங்கியதும் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் உட்கார்ந்துவிடுகிறோம். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. பையன் தனியாக ஒரு மூலையில் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதைவிட, என் பக்கத்தில் உட்கார்ந்து "அத்தை, அந்தக் காசை அங்கே போடாதே" என்று சண்டை போடுவது எவ்வளவோ நல்லது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் ஒரு கோட்டை, குதிரைமேல் ஒரு ராஜா. பகலில் கட்ட வேண்டும். ராத்திரி எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், விடியும்வரை கோட்டை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பகலுக்குக் கடிகாரம் கிடையாது. நாம் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் இருட்டும். நினைத்த இடத்தில் கட்டவும் முடியாது. வீடு எங்கே, டவர் எங்கே, சுவர் எங்கே என்று முன்பே குறித்திருக்கும். கையில் இருக்கிற காசில் எதை முதலில் கட்டுவது என்பது மட்டும்தான் நம் முடிவு. நான் இதற்கு முன் கம்ப்யூட்டரில் எதுவும் விளையாடியதில்லை, ஆனால் இது உடனே பிடிபட்டது. கணக்கு எழுதுகிறவளுக்கு ஏற்ற விளையாட்டு.

எங்கள் ஏற்பாடு இதுதான்: பகல் என் பொறுப்பு, ராத்திரி அவன் பொறுப்பு. காசை நான் போடுகிறேன், குதிரையை அவன் ஓட்டுகிறான். முதல் லெவல் நார்ட்ஃபெல்ஸ் பச்சைப் பசேலென்று இருக்கும், அதைத் தாண்டிவிட்டோம். அடுத்தது துர்ஸ்ட்ஷ்டைன், ஒரே மணல். அதில்தான் மாட்டிக்கொண்டோம். முதல் சில இரவுகள் சுலபமாகப் போகின்றன. கடைசிப் பக்கம் வரும்போது கூட்டம் பெருத்துவிடுகிறது, ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் உடைகிறது.

வழக்கு என்னவென்றால்: நான் முதல் நாளிலிருந்து வீடு வீடாகக் கட்டுகிறேன், ஏனென்றால் வீடுதான் காலையில் காசு தருகிறது. அவன் டவரும் சுவரும் முதலில் என்கிறான். "வீடு சண்டை போடுமா அத்தை?" என்று கேட்கிறான். கேள்வி நியாயம்தான், ஆனால் காசு இல்லாமல் டவர் எங்கிருந்து வரும்? யார் சொல்வது சரி? யூடியூபில் யாரோ ஜெயித்ததை அப்படியே பார்த்துச் செய்ய வேண்டாம், யோசிக்கும் வழியை மட்டும் சொல்லுங்கள் என்று ரெண்டு பேரும் சேர்ந்து கேட்கிறோம்.

தொண்டி_கச்சான்

அக்கா, நீங்கள் சொல்வதுதான் சரி. வீடு முதலில். கடலுக்குப் போகிற படகில் மீன் ஏறுவதற்கு முன் டீசலும் ஐஸும் ஏறுகிற மாதிரிதான் இது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரவுக்கு வருகிறவர்களை ராஜாவே தனியாகச் சமாளிப்பார். கிட்டே போனால் அவர் தானாகவே அடிப்பார், நாம் குதிரையை ஓட்டினால் போதும். அந்த ஆரம்ப இரவுகளில் டவருக்குப் போடுகிற காசு சும்மா நிற்கும். அதே காசை வீட்டிலும் காற்றாலையிலும் அதன் வயலிலும் போட்டால் ஒவ்வொரு விடியலுக்கும் திரும்பி வரும்.

யூடியூபைப் பார்க்காமல் இருப்பதும் நல்ல முடிவு. இந்த கேம் 2023 ஆகஸ்டில் முழுமை ஆகாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது, 2024 அக்டோபரில்தான் முழுதாக வெளியானது. நான் முதலிலேயே வாங்கியவன். நடுவில் நிறைய மாற்றினார்கள். பழைய வீடியோவைப் பார்த்து அதே வரிசையில் கட்டினால் கணக்கு உதைக்கும்.

கீழக்கரை_கடைத்தெரு

தொண்டி அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில்தான் அக்கா தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன். தம்பி கேட்ட கேள்வியை யாரும் தள்ளிவிடக் கூடாது, அவன் கேட்டது சரியான கேள்வி, கேட்ட நாள்தான் வேறு.

வீடா டவரா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த இரவு என்பதைப் பொறுத்தது. அக்கா கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு 3 காசு போட்டால் காலைக்கு 1 காசு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட காசு கைக்குத் திரும்பவே மூன்று விடியல் ஆகும். நாலாவது விடியலில்தான் லாபம் ஆரம்பம். இந்த லெவலில் மொத்தம் எத்தனை இரவு என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். இன்னும் இரண்டு இரவுதான் மிச்சம் என்னும்போது புது வீடு கட்டினால் அந்தக் காசு திரும்பி வரவே வராது. அன்று அது டவராகவோ வீரனாகவோ நின்றிருக்க வேண்டிய காசு.

அதனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில் ஒரு நாளை எழுதி வையுங்கள்: இதற்குமேல் இதைக் கட்டக் கூடாது என்ற நாள். விலையைத் தினசரி வருமானத்தால் வகுத்தால் வருவது எத்தனை விடியல் என்பது. கடைசி இரவிலிருந்து அத்தனை நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாள் வரைக்கும் அக்கா பேச்சு, அதற்குப் பிறகு தம்பி பேச்சு. வழக்கு அங்கேயே தீர்ந்தது.

ஆனால் இது பாதிதான். அந்த நாளுக்கு முன்பும் கண்ணை மூடிக்கொண்டு வீடு கட்ட முடியாது. இருட்டுவதற்கு முன், எதிரி எந்த வழியாக வரப்போகிறான், எந்த வகை ஆள் என்று அந்தந்த வழியின் வாயிலில் படம் போட்டுக் காட்டும். பலர் அதைப் பார்க்காமலே காசைச் செலவழித்துவிடுகிறார்கள். நான் விடிந்ததும் செய்கிற முதல் வேலை குதிரையை எடுத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்ப்பதுதான். இன்றைய ராத்திரிக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அவ்வளவு மட்டும் காவலுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் முழுவதையும் வருமானத்தில் போடுகிறேன். பகலுக்குத்தான் நேரக் கட்டுப்பாடு இல்லையே, அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்று. வீட்டை எதிரி இடித்துவிட்டால் பதற வேண்டாம். விடிந்ததும் அது எழுந்து நிற்கும், காசு கேட்காது. ஆனால் இடிந்த வீடு அந்தக் காலையில் வருமானம் தராது. ஆகவே ஓரத்தில் தனியாக நிற்கிற வீட்டைக் கடைசியாகக் கட்டுங்கள். கோட்டையை ஒட்டிய வீடுகள் முதலில்.

கோட்டையையும் மறந்துவிடாதீர்கள். நடுவில் இருக்கிற கோட்டையை உயர்த்தினால்தான் மற்றவற்றை மேலே கொண்டுபோக முடியும். அதன் விலையைப் பார்த்து எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நான் துபாயில் வேலையில் இருந்தபோது அறைத் தோழர்களோடு சேர்ந்து இதைக் கற்றுக்கொண்டேன். அங்கே நாங்கள் கண்ட பெரிய வித்தியாசமே இதுதான்: கோட்டையை எவன் சீக்கிரம் உயர்த்துகிறானோ அவனுக்குப் பின்பாதி லேசாகப் போகும்.

மண்டபம்_அத்தை

கீழக்கரைத் தம்பிக்கு ரொம்ப நன்றி. "இதற்குமேல் கட்டக் கூடாத நாள்" என்பதை மருமகன் நோட்டில் கோடு போட்டு எழுதிவிட்டான். என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம், தன் பேச்சு செல்லுபடியாகும் தேதி தெரிந்துவிட்டதே. ஓர வீட்டு விஷயம் நான் யோசிக்காதது.

ஒரு சந்தேகம். சுவர் எதற்கு? காசு போட்டுக் கட்டுகிறோம், கொஞ்ச நேரத்தில் உடைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சுவரே கட்டாமல் விட்டால் என்ன?

அரண்மனைத்தெரு_வாத்தியார்

சுவர் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் ராமநாதபுரத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மகள் வாங்கிக் கொடுத்து இந்த விளையாட்டைப் பழகினேன், இப்போது அவளைவிட நான்தான் அதிகம் விளையாடுகிறேன்.

சுவர் எதிரியை நிறுத்துவதற்கு அல்ல, தாமதப்படுத்துவதற்கு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எங்கே கட்டுவது, எப்போது கட்டுவது என்பது தானாக விளங்கும். சுவரின் முன்னால் எதிரி நின்று இடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பின்னாலிருந்து அவன்மேல் அம்பு விழ வேண்டும். அம்பு எட்டாத இடத்தில் சுவர் கட்டினால் அது வீண் செலவு. வழி குறுகுகிற இடத்தில் சுவர், அதன் பின்னால் டவர், அதற்கும் பின்னால் வில்லாளிகள். இந்த மூன்றும் சேராவிட்டால் சுவருக்குப் பைசா போடாதீர்கள்.

நம் ஊரில் கண்ணால் பார்த்தே இதைக் கற்கலாம். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டையைக் கட்டியவர் கிழவன் சேதுபதி. அவரே 1687இல் திருமயத்திலும் கோட்டை கட்டினார், அது பாறைக்குன்றின்மேல் இருப்பது. குன்று இருந்தால் சுவருக்குப் பாதி வேலை மிச்சம். ராமநாதபுரத்தில் குன்று ஏது? சமதரை. மதிலும் அகழியும்தான் துணை. 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயக் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் சேர்ந்து வந்து, தூரத்திலிருந்து பீரங்கியால் மதிலைப் பிளந்து அந்த வழியாக உள்ளே புகுந்தன. அப்போது பட்டத்தில் இருந்த முத்துராமலிங்க சேதுபதி சிறுவர். அவரையும் அவருடைய தாயாரையும் திருச்சிக்குச் சிறை கொண்டுபோனார்கள். மதில் பலமில்லை என்பது அல்ல விஷயம். மதிலிலிருந்து எட்டாத தூரத்தில் நிற்கிற பீரங்கியை வெளியே போய் அழிக்க ஆள் வேண்டும்.

விளையாட்டிலும் இதே நிலை வரும். கல் எறிகிற பொறிகளை இழுத்துக்கொண்டு வருவார்கள், அவை தூரத்தில் நின்றே கட்டடத்தை நொறுக்கும். அந்தப் படம் வாயிலில் தெரிந்தால் அன்று சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. ராஜா குதிரையை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய் அந்தப் பொறியை அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். குதிரை கொடுத்திருப்பதே அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பையனை லீவு முடிவதற்குள் ராமலிங்க விலாசத்துக்கு அழைத்து வாருங்கள். தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். தஞ்சை மராத்திய மன்னரோடு சேதுபதி நடத்திய போர் அதில் தீட்டியிருக்கிறது. குதிரை, யானை, துப்பாக்கிக்காரர், யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த விளையாட்டை விளையாடுகிற பிள்ளை அதை வேறு கண்ணோடு பார்ப்பான், நான் என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

முக்கையூர்_அலைபேசி

நான் லேப்டாப் இல்லாதவன், போனில்தான் எல்லாம். த்ரோன்ஃபால் பற்றிப் படித்ததும் கிங்டம் ரஷ் ஞாபகம் வந்தது. உருகுவே நாட்டில் அயர்ன்ஹைட் என்ற சிறு குழு செய்தது, 2011இல் முதலில் பிரவுசரில் வந்தது. அதிலும் இடம் குறித்திருக்கும், அந்த இடத்தில்தான் டவர். நாலே வகை: வில்லாளி, வீரர்கள், மந்திரவாதி, பீரங்கி. ராஜாவை நாம் ஓட்ட வேண்டியதில்லை.

வாத்தியார் ஐயா சுவருக்குச் சொன்னதை அதில் வீரர்கள் டவர் செய்யும். பாதையில் ஆளை நிறுத்தித் தடுத்து வைத்தால் பின்னாலிருந்து பீரங்கிக்குக் கூட்டமாக மாட்டுவார்கள். தனித்தனியாக ஓடவிட்டால் பீரங்கி வீண். கரண்ட் போகிற ராத்திரிகளில் தம்பிக்குப் போனில் அதைப் போட்டுக் கொடுங்கள், ரெண்டும் ஒன்றுக்கொன்று உதவும்.

தொண்டி_கச்சான்

கீழக்கரை நண்பர் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். என் பழக்கத்தில் நான் கடைசிவரை வயலுக்குக் காசு போடுவேன், அது தேவையில்லை என்று இப்போது தெரிகிறது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: வீரர்கள் செத்தாலும் மறுநாள் மறுபடி நிற்பார்கள். அதனால் அவர்களைக் கோட்டைப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ராஜா பின்னால் வருவார்கள். கொண்டுபோய் வழி குறுகுகிற இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். பலர் வீரர்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு "ஆள் போதவில்லை" என்கிறார்கள்.

மண்டபம்_அத்தை

எல்லோருக்கும் நன்றி. நோட்டுக் கணக்குப்படி விளையாடினோம், கடைசி இரவு வரை போய்விட்டோம். காசு இவ்வளவு கையில் நின்றது இதுதான் முதல் தடவை. கோட்டையையும் முன்கூட்டியே உயர்த்தினேன். சுவருக்குப் பின்னால் டவர், வில்லாளி என்று வாத்தியார் ஐயா சொன்ன வரிசையில் ஒரு பக்கம் அசையவே இல்லை.

மறுபக்கத்தில் பறக்கிற எதிரிகள் வந்தார்கள். சுவரைத் தாண்டி வந்து உள்ளே இறங்கிவிட்டார்கள். நாங்கள் அந்தப் பக்கம் முழுக்க வாள் வீரர்களாக வைத்திருந்தோம், அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்குமேல் மருமகன் எழுதுகிறான்.

அங்கிள், நான்தான் ராத்திரி விளையாடுகிறவன். பறக்கிறதை எப்படி அடிக்கிறது? அப்புறம் ராஜாவுக்கு நான் வாள் வைத்திருக்கிறேன், அத்தை வில் வை என்கிறாங்க. வில் வைத்தால் பயந்து ஓடுகிற மாதிரி இருக்கிறது. ராஜா முன்னால் போய்த்தானே சண்டை போடணும்? ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் எந்தப் பக்கம் நிற்கணும்?

கீழக்கரை_கடைத்தெரு

தம்பி, கடைசி இரவு வரை வந்துவிட்டீர்கள் என்றால் இனி ரொம்பத் தூரம் இல்லை.

பறக்கிறவனை வாள் வீரன் தொட முடியாது. அம்பு விடுகிறவனும் டவரும்தான் தொடுவார்கள். வாயிலில் பறக்கிற படம் வந்தால் அந்தப் பக்கத்துக்கு வில்லாளிகளை மாற்று, வாள் வீரர்களை மறுபக்கம் அனுப்பு. படைவீடு கட்டும்போதே எந்த வகை வீரன் வேண்டும் என்று கேட்கும். அங்கே எல்லாவற்றையும் ஒரே வகையாக எடுத்துவிடாதே. அத்தை பகலில் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும், ஆளை நீ மாற்று.

எந்தப் பக்கம் நிற்பது என்றால், பலமாகக் கட்டிய பக்கத்தில் நீ தேவையில்லை. அது உன்னை நம்பிக் கட்டியது இல்லை. ராஜா எப்போதும் பலவீனமான பக்கம் நிற்க வேண்டும். சுவரும் டவரும் இல்லாத வழியில் நீதான் சுவர், நீதான் டவர். இதைத் தெரிந்துகொண்டு அத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் காசைக் கொட்டலாம், இரண்டு பக்கமும் பாதிப் பாதி போடுவதைவிட அது நல்லது.

வாளா வில்லா என்பதில் நான் உன் அத்தை பக்கம். நீ முன்னால் போய்ச் செத்தால் ராஜா மறுபடி எழுந்து வர நேரம் ஆகும், அந்த நேரத்தில் பலவீனமான பக்கம் ஆளில்லாமல் கிடக்கும். வில் இருந்தால் குதிரையை நிறுத்தாமலே தூரத்திலிருந்து அடிக்கலாம், பறக்கிறவனும் அதற்கு எட்டுவான். முன்னால் போய் நிற்கிற தைரியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன அந்தக் கல் எறிகிற பொறியை அடிக்கப் போகும்போது அது வேண்டும், அப்போது நடுக்கூட்டத்தில்தான் நுழைய வேண்டியிருக்கும். வேறு லெவலில் வாளையும் எடுத்துப் பார். இந்த லெவலில், இந்தக் கடைசி இரவுக்கு வில்.

அரண்மனைத்தெரு_வாத்தியார்

அதோடு ஒன்று. இருட்டுவதற்குப் பொத்தானை அழுத்துவதற்கு முன், தம்பி, ஒரு தரம் குதிரையில் கோட்டையைச் சுற்றி வா. காசு கையில் மிச்சம் இருக்கிறதா என்று அத்தையைக் கேள். கடைசி இரவுக்குப் பிறகு விடியல் கணக்கு கிடையாது, அன்று கையில் ஒரு காசுகூட நிற்கக் கூடாது. இருப்பதையெல்லாம் டவருக்குக் கொடுத்துவிட்டு அழுத்து.